கதவைச் சாத்துகிறவர் வேஷம்

வில்லனாக நடிக்கக் கிழவர் காசிமிர் ஒப்புக்கொண்டார் என்று தெரிந்ததுமே, தெருவில் பாதிப் பேர் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கதை அந்தத் தெருவிலேயே நடந்ததுதான். முப்பது வருஷத்துக்கு முன்னால் சிகாகோவின் அந்தப் பக்கம் முழுக்க வெள்ளைக்காரர்கள். வெண்டல் என்ற பன்னிரண்டு வயதுக் கறுப்பினப் பையனை ஒரு கும்பல் கல்லும் கட்டையுமாகத் துரத்தியது. அவன் தட்டிய முதல் வீட்டில் திட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில் உள்ளே விட்டார்கள். பையன் பிழைத்தான்.

இப்போது அது சினிமா. வெண்டல் கதையைச் சொன்னாரே தவிர, எது யார் வீடு என்று சொல்லவில்லை.

தெருக்காரர்களே நடிக்க வேண்டும் என்பது டைரக்டரின் பிடிவாதம். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களில் மிச்சமிருந்தவர்கள் இரண்டே பேர்: டன்லவி, காசிமிர். மற்றவர்கள் எப்போதோ கறுப்பினத்தவர்களுக்கு வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கதவைத் திறக்கிற நல்லவர் வேஷத்தை டன்லவி முந்திக்கொண்டார். இன்னொன்றுக்கு ஆள் கிடைக்காவிட்டால் வேறு ஊரில் எடுத்துக்கொள்வதாக டைரக்டர் சொன்னார். தானே நடிப்பதாகக் காசிமிர் தலையாட்டினார்.

தெருச் சங்கத் தலைவி டெல்ஃபின் நேரே போய்க் கேட்டாள். பெண்டாட்டியை இழந்த அந்த மனுஷருக்குப் பதினைந்து வருஷமாக ஞாயிறுதோறும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் கறுப்பினப் பெண்மணி.

"உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை, மிஸ்டர் காசிமிர்?"

"நடந்ததுதானேம்மா. யாராவது கதவைச் சாத்தணுமே."

படப்பிடிப்பன்று தெருவே கூடி நின்றது. நடிக்க வந்த பையன் ஓடிவந்து கதவைத் தட்டினான். காசிமிர் திறந்தார். கறுப்பர்களைக் கேவலப்படுத்தும் அந்த வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. மறுபடி எடுத்தார்கள். வரவில்லை. நாலாவது தடவை டைரக்டர் கத்தினார்.

ஐந்தாவது தடவை கிழவர் அதைச் சொன்னார். சொன்னாரா, காறித் துப்பினார். கதவை அறைந்து சாத்தியதில் ஜன்னல் அதிர்ந்தது. பையன் நிஜமாகவே அழுதுவிட்டான். டைரக்டர் ஒருவர்தான் கைதட்டினார்.

"இதுவா நடிப்பு? உள்ள கிடந்தது வெளிய வந்திருக்கு" என்றார் ஒருவர்.

டன்லவியின் காட்சி ஒரே தடவையில் முடிந்தது. அவர் பையனை அணைத்துக்கொண்டதும் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

காசிமிர் தன் வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். டெல்ஃபின் அவரிடம் போனாள்.

"சனிக்கிழமை தெரு விருந்துக்கு நீங்க வர வேண்டாம். பிள்ளைங்க பயப்படுதுங்க. ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்டுக்கும் வேற ஏற்பாடு பண்ணிக்குங்க."

"சரிம்மா" என்றார். அந்தத் தெருவில் அவருக்கு இருந்த ஒரே ஒட்டுறவு அதோடு போயிற்று. சொன்ன அவளுக்கே அது கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் டாக்சியிலிருந்து வெண்டல் இறங்கினார். நாற்பதைத் தாண்டிய, கனத்த மனுஷர். படப்பிடிப்பைப் பார்க்கக் கடைசி நாளில் வந்திருந்தார். கூட்டம் டன்லவியைப் பிடித்து முன்னால் தள்ளியது. டன்லவி முகத்தில் ஈயாடவில்லை.

வெண்டல் அவரைத் தாண்டிப் போய்க் காசிமிரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு உங்க வாசல்ல, பழக்கதோஷத்துல ஷூவைக் கழட்டக் குனிஞ்சேன். 'கழட்டாதே, உள்ள ஓடு'ன்னு சட்டையைப் பிடிச்சு இழுத்தீங்க. ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் எதுக்குப்பா இப்ப" என்று காசிமிர் கையை உருவப் பார்த்தார். வெண்டல் விடவில்லை.

டெல்ஃபின் முன்னால் வந்தாள். டன்லவியைக் காட்டி, "அப்போ இவரு?" என்றாள்.

வெண்டல் திரும்பிப் பார்த்தார்.

"இவர் வீட்டைத்தான் நான் முதல்ல தட்டினேன்."