காலி அறை

"நம்ம டிரெண்ட் பையனை டீம்லேருந்து தூக்கிட்டாங்களாம்!"

காபிக்கடைக்குள் நுழைந்த ஆர்லோ கைப்பேசியை உயர்த்திக் காட்டினார். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் அந்தச் சிற்றூரில், பெரிய லீக்குக்குப் போகக் காத்திருக்கும் பையன்கள் ஊர்க்காரர்கள் வீடுகளில் தங்கி ஆடும் பேஸ்பால் அணியைப் பற்றித்தான் காலைப் பேச்செல்லாம்.

டார்லீன் கோப்பையை நங்கென்று வைத்தாள். "என்ன அநியாயம் இது! பந்து வீசி வீசித்தானே அவன் தோள் போச்சு? யாருக்காக வீசினான்?"

"அவனுக்குப் பதிலா டெக்சாஸ்காரன் ஒருத்தனை எடுத்திருக்காங்க. என்ன வேகம் தெரியுமா! அடுத்த வருஷமே பெரிய லீக்தான்."

"எவனா இருந்தா என்ன? நமக்காக மூணு சீசன் ஆடின பிள்ளையை, ஒரே போன்ல வெளியே போன்னு சொல்றதா? நெஞ்சுல ஈரமே இல்லாத ஜனங்கப்பா!"

சொல்லும்போதே அவள் கண்கள் கலங்கின. ஆர்லோ ஆறுதலாக அவள் தோளைத் தட்டினார். கடையே தலையாட்டியது.

காரில் ஏறியதும் டார்லீன் அணி அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"டெக்சாஸ் பையன் தங்குறதுக்கு வீடு பாத்தாச்சா? வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க. என் வீட்ல ரூம் காலியாத்தான் இருக்கு."

வீட்டுக்குப் போய் மாடியேறினாள். அறையில் டிரெண்ட் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தான். அணியில் சேர்ந்த நாளிலிருந்து அவன் தங்கியிருந்த அறை அது.

"அம்மா," என்றான். அவளை அப்படித்தான் கூப்பிடுவான். "தோள் சரியாகுற வரைக்கும் நான் இங்கேயே..."

"சாயங்காலம் புதுப் பையன் வர்றான், கண்ணு," என்றாள் டார்லீன். "போறதுக்கு முன்னாடி அந்தப் படுக்கை விரிப்பை மட்டும் உருவிப் போட்டுடு."