வழி மாறிய பேருந்து

கணவனின் கண் வெள்ளையில் வளர்ந்த கறுப்புப் புள்ளியை எல்லோரும் மச்சம் என்றார்கள். புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. இப்போது மகள் பூங்கனியின் கண்ணிலும் ஒன்று தெரியவே, டாக்டரிடம் காட்டப் பேச்சியம்மை அவளை இழுத்துக்கொண்டு, ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் பேருந்தில் ஏறினாள். படியிலேயே பேருந்தின் கேமரா இருவர் கண்ணையும் பார்த்துவிட்டது.

"பாப்பாவுக்கு வெறும் மச்சம்தாம்மா. உங்க கண்ணோரத்துல இருக்கறதுதான் புற்று. ஆரம்பம்தான், இன்னைக்கே எடுத்துரலாம்" என்றது பேருந்து.

மகளின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள் தன் கண்ணைக் கண்ணாடியில் பார்த்ததே இல்லை.

பேருந்து தன் வழியை விட்டு மருத்துவமனைச் சாலையில் திரும்பியது.

"ஏ வண்டி, எங்க போற?" என்று ஒருவர் கத்தினார்.

"சும்மா இரும்யா! எம்மீனு நாறுனா நாறட்டும். நீ வெரசாப் போ ராசா!" என்றாள் கூடையோடு இருந்த மீன்காரி.

அன்று கணவனோடு தனியாக அலைந்தவள், தன் ஒரு கண்ணுக்காக ஒரு பேருந்தே கூட வருவதை மலைத்துப்போய்ப் பார்த்தாள்.