இருபத்திரண்டாம் நாள் புகை

"ஒரே ஒரு மாசம் பொறுக்க முடியலையாக்கா உங்களுக்கு?"

பக்கத்து வீட்டு கிரோ வேலிக்கு வெளியே நின்று கேட்டார். உள்ளே ஸ்வெதாங்கா, விறகடுப்பில் சிவப்புக் குடைமிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தார். தெருவெல்லாம் புகை.

உருக்காலையின் புகை ஊர்க் காற்றை எவ்வளவு கெடுக்கிறது என்று அளக்க, தெருமுனையில் முப்பது நாளைக்குப் பெட்டி வைத்திருந்தார்கள். போன வருடமும் வைத்தார்கள். 'அது எங்க புகை இல்ல, நீங்க ஐவார் விழுது அரைக்க மிளகாய் சுட்ட புகை' என்று ஆலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். புகைபோக்கிக்கு வடிகட்டி வரவேயில்லை.

அதனால்தான் இந்த செப்டம்பரில் யாரும் மிளகாய் சுடுவதில்லை என்று தெருவே முடிவெடுத்தது. குளிர்காலத்துக்குக் கடையில் ஐவார் வாங்குவது அந்த ஊரில் கேவலம். அதையும் பொறுத்துக்கொண்டார்கள்.

"பையனுக்கு ஆலையில சம்பளம். அம்மா ஆலைக்காகப் புகை போடுறாங்க. நல்ல குடும்பம்."

"மிளகாய் கருகுது கிரோ. உள்ள வந்து புரட்டு, இல்லேன்னா வீட்டுக்குப் போ."

இருபத்திரண்டு நாள் உழைப்பு பாழ் என்று முனகிக்கொண்டே கிரோ போனார்.

மறுநாள் காலை, பெட்டிக்குள் கரி படியும் வடிதாளைத் தினமும் மாற்றும் பில்யானா வந்தாள். கிரோ பெட்டியருகே காத்திருந்தார்.

"நேத்துத் தாளைத் தூக்கிப் போட்டுரும்மா. அந்தக்கா கெடுத்துட்டாங்க."

பில்யானா பெட்டியைத் திறந்து தாளை எடுத்தாள். லேசான பழுப்பு. அதற்கு முந்தைய நாள் தாளை அதன் பக்கத்தில் வைத்தாள். அது தார் மாதிரி இருந்தது.

"பெட்டி ரிப்பேரா?" என்றார் கிரோ.

"நல்லாத்தான் ஓடியிருக்கு."

ஸ்வெதாங்கா வந்து பில்யானாவிடம் ஒரு சீட்டை நீட்டினார். "காலை ஏழுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும், நாப்பது கிலோ மிளகாய். எல்லாம் எழுதியிருக்கேன். இந்தத் தெருவுல எரிஞ்சது என் அடுப்பு ஒண்ணுதான்."

கிரோவுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"நேத்துப் பூரா என் அடுப்பையே பாத்துக்கிட்டிருந்தியே. ஆலைப் பக்கம் ஒரு தடவையாவது தலையத் தூக்கிப் பாத்தியா?"

கிரோ இப்போது பார்த்தார். புகைபோக்கி வழக்கம்போலக் கக்கிக்கொண்டிருந்தது.

"நேத்து ஒரு நாள் மட்டும் உலையை நிறுத்திப் பழுது பாத்தாங்க" என்ற ஸ்வெதாங்கா, பில்யானா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"முன்கூட்டியே சொன்னது என் பையன்தான். அவன் பேரை மட்டும் எங்கயும் எழுதிராதம்மா."