நரி வராத கொலு

குடை பிடித்திருந்த பொம்மை முயலா, வாத்தா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. முயல் என்றே வைத்துக்கொள்கிறேன். வழி தொலைத்த மிருகங்களை ஒரு நரி வந்து வீடு சேர்க்கும் பழைய சிறுவர் கதை அது. அந்தக் கதையின் பீங்கான் பொம்மைகளைச் சித்தியின் மகள் சுகந்தி, தோட்டத்தில் வைக்கச் சொல்லி, வெளிநாட்டிலிருந்து வருஷத்துக்கு ஒன்றாக அனுப்பிவந்தாள். நரி மட்டும் பாக்கி இருந்தபோது அவளிடமிருந்து போன் வருவதும் நின்றுபோனது.

அந்த நவராத்திரிக்குச் சித்தி பொம்மைகளைக் கழுவிக் கொலுப்படியில் ஏற்றினாள். விஜயதசமியன்று ஒரு பொம்மையையாவது படுக்க வைத்தால்தான் கொலு முடியும். சித்தி யாரையும் தொட விடவில்லை.

"நரி இன்னும் வரலையே. கதை முடியாம எப்படிப் படுக்க வைக்கிறது?"

"ஊரே பொம்மையப் பரண்ல ஏத்தியாச்சு, செண்பகம்," என்றார் சித்தப்பா.

"ஊருக்கெல்லாம் பொண்ணு பக்கத்துல இருக்கா."

கார்த்திகையும் போயிற்று. தினமும் விளக்கேற்றி, சுண்டல் வேகவைத்து, இருவரும் களைத்துப் போனார்கள். ஒரு மதியம் சித்தப்பா கொலுப்படிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார்.

"பொம்மைதான் படுக்கணுமா? இதோ, நான் படுத்துட்டேன். முடிச்சிடு."

சித்தி சிரித்துவிட்டாள். ஆனால் படியை அவள் கலைக்கவில்லை.

சித்தப்பா தை மாதம் இறந்தார். சுகந்தி வந்தாள், காரியம் முடிந்ததும் போய்விட்டாள். சித்தி பொம்மைகளைத் தோட்டத்துக்கே கொண்டுபோனாள். அங்கே எல்லாம் நின்றுகொண்டிருக்கின்றன.