பத்து பெஞ்சு

முப்பத்தேழாம் நாளும் சூசைநாதன் தன் பருத்த உடம்பை இழுத்துக்கொண்டு, சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் வீட்டிலிருந்து மாதா கோயிலுக்கு நடந்தே வந்து சேர்ந்தார்.

கறி தின்னக்கூடாத பெரிய வெள்ளிக்கிழமையன்று தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி முர்தபா ரொட்டி தின்றதை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். நாலு செபத்தோடு போகும் என்று நினைத்தவருக்கு நாற்பது நாள் பரிகாரம் கிடைத்தது. தினமும் பஸ் ஏறாமல் வரவேண்டும். மண்டபத்துப் பெஞ்சு பத்தையும் வெளியே தூக்கி வைத்து, கூட்டிய பிறகு திரும்ப உள்ளே போடவேண்டும்.

“இடுப்பு விட்டுப்போச்சு ஃபாதர்.”

நாற்காலி முனக, ஃபாதர் கோப்பியை உறிஞ்சினார். “இன்னும் நாலு பெஞ்சு இருக்குலா.”

நாற்பது நாளும் முடிந்ததும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வேலாயுதத்திடம் போனார். டாக்டர் எடை பார்த்தார், ரத்தமும் எடுத்துப் பார்த்தார்.

“அஞ்சு கிலோ போயிருக்கு, சர்க்கரையும் இறங்கியிருக்கு. என்ன செஞ்சீங்க?”

“தினமும் நடந்தேன். அப்புறம் கோயில் பெஞ்சைத் தூக்கினேன். ஃபாதர் சொன்னாரு.”

“நடக்கிறதும் பாரம் தூக்கறதும் சேர்ந்தாத்தான் பலன்.” சொல்லிக்கொண்டே வந்த டாக்டர் சட்டென்று பேனாவைக் கீழே வைத்தார்.

“பத்து பெஞ்சா? நாப்பது நாளா?”

“ஆமா டாக்டர்.”

“அது நான் உங்க ஃபாதருக்கு எழுதிக் கொடுத்தது. நேத்து வந்தாரு. பெஞ்சு ஒருநாள்கூட நகராம இருந்ததில்லன்னு சொன்னாரு. ஆனா அவருக்கு ரெண்டு கிலோ ஏறியிருக்கு.”