பச்சை விளக்கு

கடற்கரை இசைவிழாவில் ஸ்பீக்கர் வைக்கவே கூடாதென்று போலீஸ் கறாராகச் சொல்லிவிட்டதால், அங்கே ஆடிய அத்தனை பேர் காதிலும் ஹெட்போன் இருந்தது. மேடையில் டிஜே மெர்லின் போடும் பாட்டு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வழியாகத்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும். அரை மணி நேரமாக அவள் தாளத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். கூட்டம் வெயிலில் மணல் பறக்கக் குதித்தது. தண்ணீர் குடிக்கத் திரும்பியபோதுதான் பார்த்தாள், பெட்டியில் பச்சை விளக்கு எரியவில்லை.

“அண்ணே, இது எப்ப ஆஃப் ஆச்சு?”

சவுண்ட் பார்க்கும் பாக்கியநாதன் பெட்டியைக் குனிந்து பார்த்தார். “நான் இன்னும் ஆனே பண்ணல மேடம். நீங்க கை காட்டுவீங்கன்னு இருந்தேன். அதுக்குள்ள எல்லாரும் ஆட ஆரம்பிச்சுட்டாங்க.”

மெர்லின் தன் ஹெட்போனைக் கழற்றினாள். அலைச் சத்தத்துக்கு மேலே ஆயிரம் கால்கள் ஒன்றாக விழும் சத்தம் கேட்டது. அது அவள் போட்ட தாளமில்லை. முன்வரிசையில் ஒருத்தி கண்களை மூடி, அழுதுகொண்டே ஆடினாள்.

மெர்லின் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். பச்சை எரிந்தது.

அத்தனை கால்களும் நின்றன. முன்வரிசைப் பெண் கண்களைத் திறந்து, மேடையைப் பார்த்தபடியே, ஹெட்போனைக் கழற்றினாள்.