அரைஞாண் கயிறு

"கையை எடு! அவரைப் புரட்டாதே!"

பரிதா சிஸ்டர் போட்ட சத்தத்தில் செல்லி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். புருஷனின் முதுகுக்கு அடியில் ஒரு துணியைச் சொருகப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பாலக்கோடு ஆலைக்குக் காலையில் கரும்பு ஏற்றிப் போன டிராக்டரின் டிரெய்லர் கவிழ்ந்து, முனிராஜ் அதற்கடியில் மாட்டிக்கொண்டான். இடுப்பெலும்பு முன்னாலும் பின்னாலும் உடைந்துவிட்டதாம். வெளியே பார்த்தால் பெரிய காயம் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் செல்லிக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் போர்வையை மடித்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, முழங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

"தண்ணி… செல்லி, தண்ணி…"

சொம்பை எடுத்தாள். சிஸ்டர் அதையும் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

"ஆபரேஷன் பண்ண வேண்டி வந்தாலும் வரும். ஒரு சொட்டு குடுக்கக் கூடாது."

ஈவு இரக்கமே இல்லாத பொம்பளை என்று செல்லி மனசுக்குள் திட்டினாள்.

டாக்டர் வந்தார். "உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டுதும்மா. இங்க இருந்த ஒரு பாட்டிலையும் ஏத்தியாச்சு. பொழுது சாயறதுக்குள்ள இன்னும் நாலு பாட்டிலாவது வேணும்."

செல்லி தன் கையை நீட்டினாள். டாக்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "உனக்கே யாராவது குடுக்கணும்மா. சொந்தக்காரங்களை வரச் சொல்லு."

முனிராஜின் அண்ணன் கிருஷ்ணப்பன் அதற்காகத்தான் பத்து மணி பஸ்ஸில் ஊருக்குப் போயிருந்தார். பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தார். தனியாக.

"யாரும் வரலீங்களா மாமா?"

"காரிமங்கலத்துல இன்னிக்குச் சந்தை. பாதிப் பேரு அங்க போயிட்டாங்க. மீதிப் பேரு, ரத்தம் குடுத்தா அப்புறம் ஏர் புடிக்க முடியாதுங்கறாங்க. தர்மன், ஆம்பளைத்தனமே போயிருங்கறான்."

"நீங்க குடுக்கலாமில்லீங்க?"

"எனக்குத் தலைசுத்தல் இருக்குதே, உனக்குத் தெரியாதா?"

செல்லிக்குத் தெரியாது. பதினோரு வருஷமாக அதே வீட்டில் இருக்கிறாள், இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாள்.

உள்ளே போய்ப் பார்த்தாள். முனிராஜின் உதடு வெளுத்துப்போயிருந்தது. கை சில்லிட்டிருந்தது. புருஷன் தன் கண்ணெதிரிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது.

துணியை நனைத்து அவன் உதட்டில் வைக்கலாம் என்று வராந்தாக் குழாய்க்கு ஓடினாள். அப்போதுதான் சிஸ்டர் வெளியே வந்து, கிருஷ்ணப்பனின் கையில் எதையோ வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கறுப்புக் கயிறு. அதில் ஒரு தாயத்து. முனிராஜின் அரைஞாண் கயிறு, அறுத்த கயிறு.

உயிர் போன பிறகுதான் ஆம்பளையின் இடுப்பிலிருந்து அதை அறுப்பார்கள்.

"அய்யோ தம்பீ…!" கிருஷ்ணப்பன் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினார்.

செல்லி எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் விழுந்தாள்.

முனிராஜின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இடுப்பு வீங்கி, கயிறு சதைக்குள்ள புதைஞ்சிருச்சு. அதான் அறுத்தேன்" என்றாள் சிஸ்டர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"செத்துட்டார்னு நெனச்சிக்கிட்டு மாமா ஊருக்கு ஓடறாருங்க சிஸ்டர்!"

"இந்நேரம் பஸ் கெளம்பியிருக்கும். இனிமே என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு நாடி பார்க்க ஆரம்பித்தாள்.

இப்படியும் ஒரு விவரங்கெட்ட நர்ஸ் இருப்பாளா! உயிரோடு இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தி அனுப்பிவிட்டாளே! அந்த அபசகுனமே பலித்துவிடுமோ என்று செல்லி தன் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் புருஷனின் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தாள். பிரஷர் எண்பது என்றார்கள். அப்புறம் எழுபது என்றார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சு வருமா என்று காத்திருந்தாள்.

நாலு மணிக்கு வாசலில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

இரண்டு டிராக்டர் நிறைய ஊர் வந்து இறங்கியது. ரோஜா மாலை, கோடித் துணியோடு சங்கு ஊதுகிறவர் முதற்கொண்டு வந்திருந்தார். கிருஷ்ணப்பன் தரையில் விழுந்து புரண்டார்.

"என் உசிரைக் குடுத்தாவது உன்னைக் காப்பாத்தியிருப்பேனே தம்பீ!"

டாக்டர் வெளியே வந்தார். "உசிரெல்லாம் வேணாங்க. ஆளுக்கு ஒரு பாட்டில் ரத்தம் போதும். உங்க தம்பி இன்னும் சாகலை."

ஒப்பாரி பாதியில் நின்றது. தர்மன் டிராக்டர் பக்கம் நகரப் பார்த்தார். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அவரையே முறைத்தார்கள். கிருஷ்ணப்பனின் பெண்சாதி பெரியம்மாள் புருஷனைத் தரையிலிருந்து எழுப்பி நிறுத்தினாள்.

"தலை சுத்துனா நான் புடிச்சுக்கறேன். நடங்க உள்ள."

ஆறு பேரின் ரத்தம் சேர்ந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூன்றாவது பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. பிரஷர் நூறு. ராத்திரியைத் தாண்டிவிடுவான் என்றார் டாக்டர். செல்லி புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுது தீர்த்தாள். பிறகு சிஸ்டரிடம் வந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சிஸ்டர். நீங்க வேற ஆளுங்க, எங்க வழக்கம் தெரியாது. அரைஞாண அறுத்துக் கையில குடுத்தா, எங்க பக்கம் அதுக்கு வேற அர்த்தம்."

பரிதா சிஸ்டர் பாட்டிலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நானும் காரிமங்கலத்துல பொறந்தவதாம்மா. ரத்தம் கேட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க, சாவுன்னா ஊரே வண்டி கட்டிக்கிட்டு வரும்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்."